குழிமேட்டுக் காளான்

கிள்ளானிலிருந்து பண்டமாரான் பக்கம் போகிற மண்சாலையில், சதுப்பு தொடங்குவதற்கு முன்னால் இருந்தது மூங்கில்கரை ரப்பர் தோட்டம். அங்கே கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்துப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இடி இடித்து மழை பெய்த மறுநாள் யார் காளான் பறித்து வந்தாலும் நேராக அடுப்படிக்குக் கொண்டுபோகக் கூடாது. சுளகோடு இராஜம்மாவின் வாசலில் இறக்கி வைக்க வேண்டும். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே பிடிப்பாள். நல்லதென்றால் சுளகிலேயே போடுவாள். கெட்டதென்றால் வாசலுக்கு எதிரே ஓடும் கால்வாய்ப் பக்கம் எறிவாள். எறிந்ததைப் பற்றி ஒருத்தியும் மறு பேச்சுப் பேச மாட்டாள்.

புற்றுக்காளானுக்கு ஈர அரிசிமாவு வாசனை என்பாள் இராஜம்மா. மற்றதற்கு என்ன வாசனை என்று கேட்டால், “அது வேற மாதிரி” என்பதோடு சரி. அதற்கு மேல் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் கப்பலேறி வந்த நாளிலிருந்து அந்த மூக்கு ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பமே காளான் தின்று மாண்டுபோன வருஷம்கூட இந்த லயத்தில் ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை. அடுத்த வீட்டு வள்ளியம்மா, தொரை வளர்க்கிற வேட்டை நாய்க்குக்கூட இப்படி ஒரு மூக்கு வாய்க்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். அது மெச்சுவதா, நக்கலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வள்ளியம்மாவின் பேச்சே அப்படித்தான்.

அந்த மூக்கு செத்துப் போயிருந்தது. அது இராஜம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

வெள்ளைக்காரன் சண்டை முடிகிற சமயத்தில் வந்ததே பெரிய காய்ச்சல், அதுதான் கொண்டுபோனது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்தவன் மத்தியானம் மரத்தடியில் சாய்ந்து கிடந்தான். ரப்பர் பால் எடுக்க ஆளில்லாமல் மரத்தில் கட்டிய மங்குகள் வழிந்தன. இராஜம்மா நினைவு தப்பிக் கிடந்தாள். கண் விழித்தபோது பக்கத்தில் சின்ன மகள் சீதாலெட்சுமியும் மருமகன் தம்புசாமியும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய மகள் புஷ்பவல்லி இல்லை.

எங்கே என்று கேட்டாள். சீதாலெட்சுமி அழ ஆரம்பித்தாள். முறை மாப்பிள்ளை இருந்ததால் சின்னவளுக்கு முந்தியே முடிந்திருந்தது; பெரியவளைக் காஜாங்கிலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள், தை பிறந்தால் கலியாணம் என்று பேச்சு. அவளைக் கிழட்டு ரப்பர் மரங்கள் நிற்கும் பழங்காட்டுக்கு அப்பால் சதுப்போரத்தில் நீளமாக வெட்டிய ஒரே குழியில், மற்றவர்களோடு போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டி மூடிவிட்டிருந்தார்கள். குழியின் எந்தப் பக்கம் என்று இராஜம்மா கங்காணியிடம் போய் நின்றாள். அவனே அன்றைக்குக் காய்ச்சலில் விழுந்தவன். தெரியாது என்று கையை விரித்தான். பாயையும், பாவாடை தாவணியையும், சீப்பைக்கூட, தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரெஸர் சொல்லி எரித்தாகிவிட்டது. பெற்று வளர்த்த பிள்ளைக்கு அடையாளமாக வீட்டில் ஒரு நூல் இழைகூட மிஞ்சவில்லை.

அன்று மாலை வள்ளியம்மா கஞ்சி கொண்டுவந்தாள். கருவாடு சுட்டுக் கூட வைத்திருந்தாள். இராஜம்மா கருவாட்டை மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. விறகுப் புகை, ரப்பர் பாலின் புளிச்ச வாடை, மாட்டுக் கொட்டகை எதுவுமே இல்லை. உலகத்தையே யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்தது போலிருந்தது. மகள் போன துக்கத்தில் மூக்கு போனது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை. சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள். சரியாகவில்லை.

அடுத்த வருஷம் அரிசி வரத்து நின்றது. கிள்ளான் பாசாரில் ரங்கூன் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகப் போயிற்று. லயத்தில் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கும் சவ்வரிசிக் களியும்தான். பிள்ளைகளுக்கு வயிறு உப்பிக் கால் வற்றியது. அந்த நேரம் பார்த்து மழையும் இடியும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லாரும் சுளகை எடுத்துக்கொண்டு பழங்காட்டுக்குள் இறங்கினார்கள்.

வாசலில் சுளகுகள் வந்து வரிசையாக இறங்கியபோது இராஜம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். மூக்கு போனதைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். எதிரே நின்ற முகங்களைப் பார்த்தாள். கிழங்கு தின்று வெளுத்துப்போன முகங்கள். எனக்கு மூக்கு இல்லை என்றால் இத்தனையும் கால்வாய்க்குத்தான் போகும். இல்லையென்றால் பசியில் சமைத்துத் தின்று எவளாவது சாவாள். அவள் முதல் காளானை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

வாசனை வந்தது.

மாவு வாசனை இல்லை. வெந்தயம் ஊறின தேங்காய் எண்ணெயும், அதில் வதங்கின மருதோன்றி இலையும். வெள்ளிக்கிழமை தலை முழுகி, ஈரம் காயாத முடியைப் பின்னால் விரித்துப் போட்டுக்கொண்டு புஷ்பவல்லி குனிந்து அடுப்பு ஊதும்போது வருமே, அந்த வாசனை. இராஜம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

“என்னடி, நல்லதா இல்லையா? சொல்லித் தொலையேன்” என்றாள் வள்ளியம்மா.

“நல்லது” என்றாள் இராஜம்மா. குரல் தன்னுடையது போலவே இல்லை.

அந்தச் சுளகிலிருந்து எடுத்த எல்லாவற்றிலும் அதே வாசனை. வேறொருத்தி மாட்டுக் கொட்டகைப் புல்லில் பறித்தது என்று கொண்டுவந்ததில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அதை எறிந்தாள். அன்று இரவு லயம் முழுக்கக் காளான் குழம்பு. எல்லோரும் ஏப்பம் விட்டு நன்றாக எழுந்தார்கள். எறிந்ததைத் தின்ற ஆடு ஒன்றுதான் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு இராஜம்மாவுக்குச் சந்தேகம் இல்லை. மூக்குப் போனால் போகட்டும். பிள்ளை பக்கத்தில் நின்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். இது நல்லதம்மா, எடு. இது வேண்டாம், போடு. மழை பெய்யும் ஒவ்வொரு வாரமும் வாசனை வந்தது. வந்ததை வைத்தாள், வராததை எறிந்தாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மழைக்காக அவள் ஏங்க ஆரம்பித்தாள். வெயில் அடித்தால் முகம் வாடியது. மேகம் கறுத்தால் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். நல்ல காளானில் ஒன்றை மட்டும் யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வாள். படுக்கும்போது எடுத்து முகத்தோடு ஒட்டிக்கொள்வாள். விடியும்போது அது கன்னத்தில் கூழாகி ஒழுகியிருக்கும்.

வள்ளியம்மாவுக்கு இது எப்படியோ பிடிபட்டது. கலியாணம் ஆகாமல் போன பெண்ணுக்கு ஒரு பாவாடை வாங்கி வைத்து, பொங்கலிட்டுக் கும்பிட்டுவிடு, இல்லாவிட்டால் கன்னி அலைவாள் என்று இரண்டு மூன்று தடவை எடுத்துச் சொன்னாள். இராஜம்மா ஆகட்டும், ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். பாவாடை வைத்துக் கும்பிட்டால் பிள்ளை சாந்தியாகப் போய்விடுவாள். போய்விட்டால் அந்த வாசனை?

இதற்கிடையில் சீதாலெட்சுமி முழுகாமல் இருந்தாள். கிழங்கைப் பார்த்தாலே குமட்டினாள். எலும்பும் தோலுமாய் இருந்த உடம்பில் வயிறு மட்டும் மேடு தட்டியது. காளான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வேறு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. இருந்த ஒரே பிள்ளையும் இப்படிக் கிடக்கிறதே என்று இராஜம்மாவுக்குத் தூக்கம் கெட்டது. இந்தப் பிள்ளையும், இதன் வயிற்றில் இருக்கும் உயிரும் பிழைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டியது சாமியிடமா, பெரியவளிடமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு நாள் பால் வெட்டு முடித்து, அதை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த தம்புசாமி, தோளில் கிடந்த துண்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தான். அவிழ்த்தால் காளான். வெள்ளை வெளேரென்று, பெரும்பாலும் இன்னும் குடை விரியாத மொக்குகள். பால் வெட்டும் உளியால் கழுத்தோடு நறுக்கிக்கொண்டு வந்திருந்தான். லயத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. காளான் முளைத்த இடத்தில் இரும்பு பட்டால் அடுத்த மழைக்கு அங்கே முளைக்காது என்பார்கள். குச்சியால் கிளறி, கை விட்டு, அடியில் இருக்கும் வால் அறுபடாமல் இழுத்து எடுப்பார்கள். புற்றுக்காளானின் வால் கறையான் கூடுவரைக்கும் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். தம்புசாமிக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. பெண்டாட்டி தின்ன வேண்டும், அவ்வளவுதான்.

இராஜம்மா இரும்பைப் பற்றி ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் வாசனை வந்து அவளை மூடியது. இதுவரை வந்ததெல்லாம் ஒரு கீற்று. இது முழுத் தலைமுடியையே முகத்தில் கவிழ்த்தது போல இருந்தது. வெந்தயம், மருதோன்றி, வெயிலில் காய்ந்த உச்சந்தலை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

“நல்லதுதான். கொண்டுபோய் ஆக்கு” என்றாள்.

சீதாலெட்சுமி காளானைப் பிடுங்காத குறையாக முந்தானையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சட்டி ஏறியது. இராஜம்மா வாசலிலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மேற்கே வெயில் இறங்கி, மரங்களின் நிழல் லயத்துச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. வாசனை குறையவில்லை. பின்னால் இருந்து யாரோ தோளில் சாய்ந்திருப்பது போல ஒரு கனம்.

துண்டை உதறி முகம் துடைக்கப்போன தம்புசாமி, மடிப்பில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். நன்றாக விரிந்து முற்றிய காளான். அடி தெரியப் பக்கவாட்டில் சாய்ந்தது. இராஜம்மா கண் திறந்து அதைப் பார்த்தாள்.

நல்ல காளானின் அடி மடிப்பு வெள்ளையாக இருக்கும், முற்றினால் லேசாகச் செம்மை ஓடும். இது பச்சை. பாசி படர்ந்த தண்ணீர்போலச் சாம்பல் கலந்த பச்சை. தொப்பி மேல் சிரங்கு உதிர்ந்தது போலப் பொருக்கு. இதைக் கண்டுபிடிக்க மூக்கே வேண்டாம், கண்ணிருந்தால் போதும். அவள்தான் கண்ணை மூடி வைத்திருந்தாள்.

“மாப்ள, இத எங்க பறிச்சீங்க?”

தம்புசாமி வேறு பக்கம் பார்த்தான். பழங்காட்டில்தான் என்றான். அவள் விடவில்லை. பழங்காட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

“குழிமேட்டுலதான் அத்த” என்றான் கடைசியில். “மத்த எடத்துல ஒண்ணுமே இல்ல. அங்க மட்டும் வெள்ளத் துணி விரிச்சாப்ல கெடக்குது. லயத்துல எல்லாரும் அங்கதான் பறிக்கிறாங்க. சொல்ல மாட்டாங்க, அவ்ளோதான்.”

மாசக்கணக்காகக் கண்ணைக் கட்டியிருந்தது அப்போது அவிழ்ந்தது. செத்தவர்களைப் போட்ட அந்தக் குழிமேட்டை ஒட்டி ஒரு புற்று உண்டு. அதில் முளைத்தவை நல்லவை, அவற்றில் வாசனை வந்தது. இப்போது மேட்டின் நடுவிலேயே வேறு ஜாதி முளைத்திருக்கிறது, அதிலும் வந்தது. மாட்டுக் கொட்டகையில் முளைத்ததில் வரவில்லை. பிள்ளை நல்லது கெட்டது சொல்லவே இல்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இராஜம்மா எழுந்து உள்ளே ஓடினாள். சட்டியை வெறுங்கையால் தூக்கி மண் தரையில் கவிழ்த்தாள். கை வெந்தது அவளுக்கு உறைக்கவில்லை. சீதாலெட்சுமி சுவரோடு ஒட்டி உட்கார்ந்து தாயையே பார்த்தாள். அவள் வாயோரத்தில் குழம்பு ஒட்டியிருந்தது.

“தின்னுட்டியா?”

“உப்புப் பாத்தேன்மா.”

“உப்புத்தான் பாத்தியா?”

சீதாலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். “நிறுத்த முடியலம்மா. அக்கா தலைய மோந்து பாக்குற மாதிரியே இருந்துச்சு.”

இந்த வாசனை தனக்கு மட்டும்தான் என்று இராஜம்மா நினைத்திருந்தாள். எத்தனை நாளாய் என்று கேட்டாள். வயிற்றில் பிள்ளை தரித்த நாள் முதலாய் என்றாள் மகள். வேறு எந்த வாசனையும் தெரியவில்லை, இது ஒன்றுதான், அதனால்தான் அதையே கேட்டு அழுதேன் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்தாள்.

தம்புசாமி டிரெஸரைக் கூப்பிட ஓடினான். டிரெஸர் கிள்ளானுக்குப் போயிருப்பதாகவும், வர நாழியாகும் என்றும் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் சொன்னார்கள். அவன் மாட்டு வண்டி தேடி அலைந்தான். வள்ளியம்மா வந்து வெந்நீரில் உப்பைக் கரைத்துக் கொடுத்தாள். குடித்ததெல்லாம் திரும்பி வந்தது, குடிக்காததும் வந்தது. வள்ளியம்மா இன்னும் தண்ணீர் வைக்கப் போனாள். வீட்டில் தாயும் மகளும்தான். வெளியே வெளிச்சம் இன்னும் போகவில்லை. மரங்களுக்கு இடையே மஞ்சளாக ஒரு வெளிச்சம், எல்லாவற்றின் மேலும் எண்ணெய் பூசியது போல. வாசனை வீடு முழுக்க நிறைந்து, மூச்சு விட இடமில்லாமல் இருந்தது.

சீதாலெட்சுமி கண்ணைத் திறந்து கால்மாட்டைப் பார்த்தாள். பயந்த மாதிரி இல்லை. விருந்தாளி வந்தால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

“அக்கா எங்காலப் புடிச்சுவிடுறாம்மா” என்றாள்.

இராஜம்மா பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பாயின் ஓரம் மட்டும், யாரோ முழங்கால் ஊன்றியது போலக் கொஞ்சம் அமுங்கியிருந்தது. அது பழைய பாய். எப்போதும் அப்படி இருந்ததோ என்னவோ.

எத்தனை நாள் இதற்காக ஏங்கியிருக்கிறாள். ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும், இன்னும் கொஞ்ச நேரம் இரு என்று சொல்லிவிடலாம் என்று எத்தனை மழைக்குக் காத்திருந்திருக்கிறாள். இப்போது பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறாள். இருவரில் ஒருத்திதான் இந்த வீட்டில் இருக்க முடியும் என்பது இராஜம்மாவுக்குப் புரிந்தது. யாரும் சொல்லவில்லை. பெற்றவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் கால்மாட்டுக்கு நேராக உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சின்ன வயதில் புஷ்பவல்லி சொன்ன பேச்சைக் கேட்காதபோது பேசுவாளே, அந்தக் குரலில் பேசினாள்.

“புஸ்பம். அவளுக்கு வயித்துல புள்ள இருக்கு. கைய எடு.”

வாசனை அசையவில்லை.

“நாந்தான்டி உன்ன இருக்க வச்சேன். போகச் சொல்ல மனசு வரல. தப்பு எம்மேல. ஒனக்குப் பாவாட வச்சுக் கும்பிடாம இழுத்துக்கிட்டு இருந்ததும் நாந்தான். இனிமே இழுக்க மாட்டேன். எந்திரி. எந்திரிச்சுப் போ.”

வெளியே ஒரு காக்கை கத்திவிட்டு நிறுத்தியது. சீதாலெட்சுமி மூச்சை உள்ளே இழுத்தவள் வெளியே விடாமல் கிடந்தாள்.

“போடி” என்றாள் இராஜம்மா. “அம்மா சொல்றேன்ல. போ.”

போயிற்று. விளக்கை அணைத்தால் இருட்டு வருகிற மாதிரி, ஒரே நொடியில் வாசனை இல்லாமல் ஆனது. பாய் பாயாக இருந்தது. சீதாலெட்சுமி இழுத்த மூச்சை விட்டாள். பிறகு உடம்பு குலுங்க ஒரு தடவை வாந்தி எடுத்தாள். அதில் பாதி மெல்லாத காளான் துண்டுகள் வந்து விழுந்தன. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

தம்புசாமி வண்டியோடு வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறகு வந்த டிரெஸர் நாடி பார்த்துவிட்டு, தின்றது முழுக்க வெளியே வந்துவிட்டது, ஆயுசு கெட்டி என்றார். மகள் வயிற்றில் பிள்ளை புரண்டதை இராஜம்மா தன் கையால் தொட்டுப் பார்த்தாள். எல்லோரும் போன பிறகு சுவர் மூலையில் முகத்தை வைத்து அழுதாள். யார் செத்ததற்கு அழுகிறாள் என்று கேட்க அங்கே ஆளில்லை.

வெள்ளிக்கிழமை குழிமேட்டில் பாவாடை வைத்துப் பொங்கலிட்டாள். புஷ்பவல்லி எந்தப் பக்கம் கிடக்கிறாள் என்று தெரியாததால் நடுவில் வைத்தாள். ஒரு கொத்து வெள்ளைக் காளான் மேல்தான் பாவாடை விரிந்தது.

மறுபடி மழை பெய்த ஞாயிற்றுக்கிழமை சுளகுகள் வழக்கம் போல வாசலில் வந்து இறங்கின. வள்ளியம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள். இராஜம்மா கையை மடியிலேயே வைத்திருந்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“எனக்கு மூக்கு செத்துப் போச்சு” என்றாள். “காய்ச்சல்லயே போச்சு. இத்தன நாளா நான் மோந்து பாத்துச் சொன்னது எல்லாம் பொய். வையணும்னா வைங்க.”

வைவார்கள் என்றுதான் காத்திருந்தாள். எங்கள் உயிரை வைத்தா விளையாடினாய் என்று வள்ளியம்மா முடியைப் பிடித்து இழுத்தாலும் இழுக்கலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வள்ளியம்மா தன் சுளகைப் பார்த்தபடியே பேசினாள். நக்கல் இல்லாமல் அவள் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

“யாருக்குடி இருக்கு?” என்றாள். “எனக்கும் காய்ச்சலோட போச்சு. சோறு தீஞ்சாக்கூடத் தெரியல. எம் புருசன் சுருட்டு வாட மட்டும் வருது. இந்தக் காளான்ல மட்டுந்தான் வருது.”

கடைசி வீட்டுப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பால் வாசனை என்றாள். கைக்குழந்தை கக்கின பாலின் வாசனை. அவளை அடுத்து நின்றவள் தன் மாமியாரின் வெற்றிலை என்றாள். ஒருத்திக்கு அண்ணன் சட்டையின் வியர்வை. ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். பாசாரில் விலை சொல்வது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். எங்கே பறித்தீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. காய்ச்சலில் ஒருத்தரையாவது குழியில் போடாத வீடு அந்த லயத்தில் கிடையாது.

பிறகு பெண்கள் குனிந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு, சுளகுகளின் மேல் முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடி, மெதுவாக மூச்சை இழுத்தார்கள். மழை நின்ற மரங்களிலிருந்து அவர்கள் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் நிமிரவில்லை.

இராஜம்மாவும் குனிந்தாள். ஒன்றும் வரவில்லை. ஈர மண் வாசனைகூட வரவில்லை. கூட்டத்தில் அவளுக்கு மட்டும் அது வெறும் காளானாகக் கிடந்தது. அதனால் அவளால் பார்க்க முடிந்தது. சிலவற்றுக்கு உச்சியில் கூர்ந்த குமிழ் இருந்தது, அடியில் நீள வால் அறுபடாமல் தொங்கியது. பலவற்றுக்கு வால் இல்லை, அடித்தண்டு மொட்டையாகப் பருத்திருந்தது. கழுத்தில் வளையம், தொப்பியில் பொருக்கு. ஒன்றைத் திருப்பினாள். மடிப்புக்குள் பச்சை இப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது.

“இது வேணாம்” என்று கையில் எடுத்தாள்.

கடைசி வீட்டுப் பெண்ணின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது.

“அத எறியாதக்கா. அதுலதான் எம் புள்ள இருக்கான்.”

இராஜம்மா அந்தக் கையை விலக்கவில்லை. பிடி தளரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் ஆயிற்று. தளர்ந்ததும் கால்வாயில் எறிந்துவிட்டு, அடுத்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.